கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் ரீசார்ஜபிள் பேட்டரி, சார்ஜர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேட்டரி உறையில் கொட்டை எழுத்தில் இருக்கும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் படம் எடுப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம். உள்ளே எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. கேட்ட நொடியில் எவ்வளவு வேகமாகக் கொடுக்கும், பையில் இரண்டு மாதம் கிடந்தால் எவ்வளவு மிச்சம் இருக்கும், நூறு தடவை சார்ஜ் செய்த பிறகு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இல்லை. ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் முக்கியமானவை இவைதான். அதனால் கருவியில் இருந்து தொடங்குவோம். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் அப்புறம் வரலாம்.

படி 1: உங்கள் கருவி என்ன கேட்கிறது?

ஒரு தாளில் உங்களிடம் உள்ள கருவிகளை எழுதுங்கள். கேமரா, ஃபிளாஷ், ரேடியோ டிரிகர் (ஃபிளாஷைத் தூரத்தில் இருந்து அடிக்க வைக்கும் கருவி), எல்இடி விளக்கு, மைக் என்று எல்லாமே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த வகை பேட்டரி, எத்தனை, எந்த மாதிரி வேலை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். ஃபிளாஷ் ஒரே இழுப்பாக இழுக்கும். ஒவ்வொரு முறை வெளிச்சம் அடித்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை நிரப்ப, சில நொடிகளுக்குப் பல ஆம்பியர் கேட்கும். கேமராவும் எல்இடி விளக்கும் சீராக, நீண்ட நேரம் இழுக்கும். டிரிகர், ரிமோட் போன்றவை மிகக் கொஞ்சமாக, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். ஒரே பேட்டரி மூன்றுக்கும் சரியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கருவியோடு வந்த கையேட்டில் 'பயன்படுத்தக்கூடிய பேட்டரிகள்' என்று ஒரு பகுதி இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது.

படி 2: ஏஏ அளவு செல்களைத் தேர்ந்தெடுப்பது

சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்தால் அல்கலைன்தான் பலசாலி என்று தோன்றும். ஃபிளாஷில் போட்டுப் பார்த்தால் கதை தலைகீழ். அல்கலைனின் உள் மின்தடை அதிகம். குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் வாய் குறுகலாக இருந்தால் எப்படி, அப்படி. ஃபிளாஷ் பலமாக இழுத்ததும் அதன் வோல்ட் சடாரென்று விழும். நிக்கல் செல் கிட்டத்தட்ட காலியாகும்வரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்று கொடுக்கும்.

நிக்கான் எஸ்பி-910 ஃபிளாஷின் விவரக் குறிப்பைப் பாருங்கள். முழு வெளிச்சம் அடித்த பிறகு மறுபடி தயாராக அல்கலைனில் சுமார் 4 நொடி, நிக்கல் செல்லில் சுமார் 2.3 நொடி. மணமக்கள் மோதிரம் மாற்றும்போது இந்த வித்தியாசம் ஒரு படம்.

நிக்கல் செல்லிலும் இரண்டு வகை உண்டு. பழைய வகை சும்மா கிடந்தாலே மின்சாரம் கசியும். ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போவது சாதாரணம். 2005-இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கசிவு மிகக் குறைந்த வகையைக் கொண்டுவந்தது. சான்யோவை பானசோனிக் வாங்கிய பிறகு எனலூப் இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. மற்ற நிறுவனங்களும் இதே வகையை விற்கின்றன. உறையில் 'முன்பே சார்ஜ் செய்யப்பட்டது', 'உடனே பயன்படுத்தலாம்' என்ற பொருளில் எழுதியிருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். வேறு எதையும் வாங்க இன்று எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, எந்தக் கொள்ளளவு? இங்கேதான் எண் ஆசை காட்டும். வெள்ளை எனலூப் 2000 எம்ஏஎச் அளவில் வருகிறது. 2100 முறை வரை சார்ஜ் செய்யலாம் என்று பல ஆண்டுகளாக உறையில் போட்டார்கள். கறுப்பு நிற ப்ரோ 2500 எம்ஏஎச். அதன் உறையில் இருந்த எண் 500 முறை. ஒரே நிறுவனம், ஒரே அளவு செல். கொள்ளளவு கால்வாசி கூடியதும் ஆயுள் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. ஒரே மூச்சில் பல மணி நேரம் ஃபிளாஷ் அடிக்கும் தொழில்முறை ஆட்கள் ப்ரோ வாங்கட்டும். மற்ற எல்லோருக்கும் வெள்ளைதான் என் சிபாரிசு. ஏஏ அளவில் 3000-க்கு மேல் எண் போட்ட நிக்கல் செல்லைக் கண்டால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள்.

டிரிகருக்கும் இதே வெள்ளை செல் போதும். கசிவு குறைவு என்பதால் இரண்டு மாதம் கழித்துப் பையைத் திறந்தாலும் உயிரோடு இருக்கும்.

ஏஏ அளவில் இருந்தும் ஃபிளாஷில் போடக் கூடாதவை சில உண்டு. நிக்கல் துத்தநாக செல் 1.6 வோல்ட், புதிதாகச் சார்ஜ் ஆகி வரும்போது இன்னும் கூடுதல். நான்கு சேர்ந்தால் ஃபிளாஷின் சர்க்யூட் எதிர்பார்க்காத அழுத்தம். '1.5 வோல்ட் லித்தியம்' என்று விற்கும் ரீசார்ஜ் செல்லுக்குள் 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்லும், அழுத்தத்தைக் குறைக்கும் சின்ன சர்க்யூட்டும் இருக்கும். அந்த சர்க்யூட் ஃபிளாஷ் கேட்கும் மின்னோட்டத்தைத் தாங்காமல் நடுவில் கை விரித்துவிடக்கூடும். ரேடியோ டிரிகரில் போட்டால் சிக்னலுக்கு இடைஞ்சலும் வரலாம். இவற்றை விட ஆபத்தானது 14500 என்ற எண் கொண்ட செல். பார்க்க அச்சு அசல் ஏஏ, அழுத்தமோ 3.7 வோல்ட். நான்கைப் போட்டால் 6 வோல்ட்டுக்கான இடத்தில் 14-க்கு மேல் பாயும். அதன் பிறகு அந்த ஃபிளாஷை மறந்துவிட வேண்டியதுதான்.

படி 3: செட் பிரித்து எண் போடுங்கள்

ஃபிளாஷில் நான்கு செல்களும் தொடர் இணைப்பில் இருக்கும். நான்கில் ஒன்று சோதாவாக இருந்தால் அது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் காலியான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்கும். நிக்கல் செல்லைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அதனால் நான்கு நான்காக ஒரே நாளில் வாங்குங்கள். அழியாத மை பேனாவால் ஒவ்வொன்றிலும் அ1, அ2, அ3, அ4, அடுத்த செட்டுக்கு ஆ1, ஆ2 என்று எழுதுங்கள். வாங்கிய மாதமும் ஆண்டும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஒரு செட் எப்போதும் ஒன்றாகவே ஓட வேண்டும், ஒன்றாகவே சார்ஜ் ஆக வேண்டும். அவசரத்துக்கு அ-வில் ஒன்றை எடுத்து ஆ-வில் செருகினால் எண் போட்டதே வீண்.

நோயாளி செல்லைக் கண்டுபிடிக்க வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். செட்டை முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு நாள் ஆறவிட்டு, ஃபிளாஷில் போடுங்கள். மேனுவல் முறையில் முழு வெளிச்சத்துக்கு வைத்து, ஃபிளாஷ் சூடேறாத இடைவெளி விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். தயார் விளக்கு எரிய எடுக்கும் நேரம் முதலில் ஒரே சீராக இருக்கும். அது கண்ணுக்குத் தெரியும்படி நீளத் தொடங்கியதும் நிறுத்தி, நான்கையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். மூன்று செல்கள் 1.22, 1.23, 1.22 என்று ஒட்டி நிற்கும், நான்காவது 1.08 என்று தனியே தொங்கும். ஃபிளாஷை மெதுவாக்கிய ஆள் அதுதான். அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் புதியதைச் செருகாதீர்கள். செட்டையே டிரிகர், கடிகாரம், டார்ச் என்று லேசான வேலைக்கு இறக்கிவிடுங்கள்.

படி 4: ஏஏ சார்ஜர்

செல்லுக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இங்கே செலவழிப்பது முக்கியம். நல்ல செல்லை மோசமான சார்ஜர் ஒரே ஆண்டில் கெடுத்துவிடும். சுமாரான செல்லைக்கூட நல்ல சார்ஜர் பல ஆண்டு ஓட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறதா என்பது. மலிவான சார்ஜர்கள் இரண்டிரண்டாகத்தான் சார்ஜ் செய்யும். ஜோடியில் ஒன்று பாதி, ஒன்று காலி என்றால் ஒன்று அளவுக்கு மீறி வேகும், மற்றது அரைகுறையாக நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரே ஒரு செல்லைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் அது ஜோடி சார்ஜர். செல்லுக்கு ஒரு விளக்கு இருக்கிறதா என்று உறையிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது, எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியுமா? நிக்கல் செல் நிரம்பும்வரை வோல்ட் ஏறிக்கொண்டே போகும். நிரம்பியதும் மிகச் சிறிய அளவு இறங்கும். இந்த இறக்கத்துக்கு மைனஸ் டெல்டா வி என்று பெயர். அறிவுள்ள சார்ஜர் இதைக் கண்டு நிறுத்தும். கூடவே வெப்பத்தையும் பார்க்கும். அறிவில்லாதது இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து, செல் முன்பே பாதி நிரம்பியிருந்தாலும் அத்தனை மணி நேரமும் ஊட்டும்.

மூன்றாவது வேகம். மெதுவாகச் சார்ஜ் செய்தால் செல்லுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. மிக மெதுவாகப் போனால் அந்தச் சிறிய இறக்கம் தெளிவாகத் தெரியாமல், சார்ஜர் நிறுத்தத் தவறிவிடலாம். கொள்ளளவில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை நல்ல வேகம். 2000 எம்ஏஎச் செல்லுக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர். பானசோனிக்கின் பிக்யூ-சிசி55 போன்ற சார்ஜர்கள் நான்கு செல் போட்டால் இந்த வட்டாரத்தில்தான் வேலை செய்கின்றன. நான்குக்குச் சுமார் மூன்று மணி நேரம். இரண்டு மட்டும் போட்டால் இன்னும் வேகம், சுமார் ஒன்றரை மணி நேரம். 15 நிமிடச் சார்ஜர் அவசரத்துக்கு உதவும், ஆனால் அந்தச் சூட்டில் செல்லின் ஆயுள் கரையும். சார்ஜ் முடியும் தறுவாயில் செல்லைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலில் பிடிக்க முடியவில்லை என்றால் அந்தச் சார்ஜர் வேண்டாம்.

செல்லின் உண்மையான கொள்ளளவை அளந்து திரையில் காட்டும் சார்ஜர்களும் உண்டு. காலி செய்து மறுபடி நிரப்பும் 'ரெஃப்ரெஷ்' வசதியும் அவற்றில் இருக்கும். மாஹா எம்எச்-சி9000 இந்த வகையில் பெயர் பெற்றது. பத்துப் பதினைந்து செல்களுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு இது வீண் செலவல்ல. 2000 என்று எழுதிய செல் 1300 மட்டும் காட்டும்போது எதை ஓய்வுக்கு அனுப்புவது என்ற குழப்பம் தீர்ந்துவிடும். நான்கு செல் மட்டும் உள்ளவருக்குத் தேவையில்லை.

நிக்கல் சார்ஜரில் லித்தியம் அயன் செல்லைப் போடக் கூடாது. தீப்பிடிக்கும். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

படி 5: கேமராவின் லித்தியம் அயன் பேட்டரி

இதில் தேர்வு குறைவு. கேமரா எந்தப் பேட்டரியைக் கேட்கிறதோ அதைத்தான் போட முடியும். ஆனால் ஒரே பெயரின் வாலில் வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். கேனனின் எல்பி-இ6 பேட்டரி 1800 எம்ஏஎச், எல்பி-இ6என் 1865, எல்பி-இ6என்எச் 2130. உருவம் ஒன்றுதான், ஆனால் பழைய எல்பி-இ6-ஐ யூஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் செய்ய முடியாது. நிக்கானின் இஎன்-இஎல்15 குடும்பத்திலும் இதே கதை. பி, சி என்று முடிபவை இசட் வரிசைக் கேமராவுக்குள் சார்ஜ் ஆகும். வால் இல்லாததும் ஏ-வும் ஆகாது. பழைய பேட்டரி புதிய கேமராவில் பொருந்துகிறதே என்று வாங்கும் முன் கேமராவின் கையேட்டில் சரிபாருங்கள். கேனன் ஆர்5 மார்க் 2 போன்ற கேமராக்களில் முந்தைய எல்பி-இ6என்எச் பேட்டரி ஓடும், ஆனால் சில வசதிகள் முடங்கிவிடும்.

இரண்டு பேட்டரிகளை ஒப்பிட எம்ஏஎச்-ஐ விட வாட் மணி நேர்மையான அளவு. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வந்துவிடும். சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச், ஆக 16.4 வாட் மணி. பழைய என்பி-எஃப்டபிள்யூ50 அதே வோல்ட்டில் 1020 எம்ஏஎச், 7.3 வாட் மணி. சோனியின் ஏ7 மார்க் 2 கேமராவில் சுமார் 350 படம் என்று இருந்தது ஏ7 மார்க் 3-இல் சுமார் 710 ஆனதற்கு முக்கியக் காரணம் இந்தப் பேட்டரி மாற்றம்தான்.

அந்தப் பட எண்ணிக்கை சிபா என்ற ஜப்பானியக் கேமரா சங்கத்தின் சோதனை முறைப்படி வருவது. 23 டிகிரி வெப்பத்தில், 30 நொடிக்கு ஒரு படம் என்ற கணக்கு. தொடர்ச்சியாகச் சுடும் விளையாட்டுப் படக்காரருக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பவருக்குப் பாதிகூட வராது. கேமராக்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெரிய கேள்வி: கம்பெனி பேட்டரியா, மற்றவர் தயாரிப்பா? கேமராவோடு வந்ததைத் தவிர இன்னொன்றாவது கம்பெனி பேட்டரி வேண்டும், மூன்றாவது, நான்காவது மற்றவர் தயாரிப்பாக இருக்கலாம் என்பது என் கணக்கு. கேமரா பேட்டரிக்குள் ஒரு சிப் இருக்கிறது. மிச்சம் எத்தனை சதவீதம் என்று கேமராவுக்குச் சொல்வது அதுதான். போலிச் சிப் உள்ள பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்துவிடும். வீடியோ பதிவின் நடுவில் இது நடந்தால் கோப்பே கெட்டுப்போகக்கூடும். கேமராவின் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சில பேட்டரிகளைக் கேமரா ஏற்க மறுப்பதும் உண்டு.

மற்றவர் தயாரிப்பை வாங்குவதானால், கம்பெனி பேட்டரியைவிட மிக அதிக எண் போட்டதைத் தவிருங்கள். அதே டப்பாவுக்குள் அதே வகை செல். ஒன்றரை மடங்கு எங்கிருந்து வரும்? விளக்குகளில் போடும் 18650 செல்லில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டு விற்பது இதே ரகம். நல்ல 18650 செல்லே 3500 எம்ஏஎச் சுற்றித்தான் இருக்கும். வாங்கியதும் கம்பெனி பேட்டரியோடு சேர்த்து எடை போட்டுப் பாருங்கள். வெகுவாக எடை குறைந்தால் உள்ளே சரக்கு குறைவு. கேமராவின் அறையில் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். இறுகுகிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: கேமரா பேட்டரிக்குச் சார்ஜர்

லித்தியம் அயன் செல்லுக்கு 4.2 வோல்ட் உச்சம் என்பது வழக்கம். இரண்டு செல் தொடராக உள்ள பெரும்பாலான கேமரா பேட்டரிகளுக்கு 8.4. முதலில் ஒரே மின்னோட்டத்தில் வேகமாக நிரப்பி, உச்சத்தைத் தொட்டதும் அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதல் முக்கால் பங்கு சீக்கிரம் ஏறி, கடைசிக் கால் பங்கு இழுப்பது இதனால்தான். அவசரத்தில் இருக்கும்போது 80 சதவீதத்தில் எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகுவது லாபம்.

யூஎஸ்பியில் ஓடும் இரட்டைச் சார்ஜர்கள் வசதியானவை, ஆனால் அடாப்டரைக் கவனிக்காவிட்டால் ஏமாற்றும். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தருவது 10 வாட். 16 வாட் மணி பேட்டரி இரண்டு என்றால் மொத்தம் 32. வெப்பத்தில் போவதையும் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பழைய ஃபோன் அடாப்டர் 1 ஆம்பியர் என்றால் ராத்திரி முழுவதும். யூஎஸ்பி-சி வாயும் பவர் டெலிவரி (யூஎஸ்பியில் அதிக வாட் வாங்கும் முறை) ஆதரவும் உள்ள சார்ஜர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேமராவுக்குள்ளேயே சார்ஜ் செய்வதை அவசர வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கேமரா மேசையில் கட்டிப்போட்டது போலத்தான். சுவரில் செருகும் கம்பெனி சார்ஜர் ஒன்று வீட்டில், யூஎஸ்பி இரட்டைச் சார்ஜர் ஒன்று பயணப் பையில் என்றால் பெரும்பாலும் போதும்.

படி 7: எத்தனை வாங்குவது?

ஒரு நாள் வெளியே போய் வழக்கம்போல் படம் எடுங்கள். எத்தனை பேட்டரி தீர்ந்தது என்று பாருங்கள். அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஷுக்கு, ஓடும் செட் ஒன்று, பையில் செட் ஒன்று. நாள் முழுக்க நிகழ்ச்சி என்றால் இன்னும் ஒன்று.

எல்இடி விளக்குக்குக் கணக்குப் போடலாம். என்பி-எஃப்970 வகை பேட்டரி சுமார் 47 வாட் மணி. 30 வாட் விளக்கு முழு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் என்று காகிதத்தில் வரும். நடைமுறையில் அதற்குக் கீழேதான்.

படி 8: வைப்பது, கொண்டுபோவது, கழிப்பது

ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் லித்தியம் அயன் பேட்டரியைப் பாதி சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதாக நிரப்பிக் கார் டாஷ்போர்டில் விட்டுவைப்பதுதான் அதற்கு ஆகாதது. அவ்வப்போது முழுதாகக் காலி செய்ய வேண்டும் என்ற பழைய அறிவுரை நிக்கல் காட்மியம் காலத்துக்கானது. லித்தியத்துக்கு அது கெடுதல். கடும் குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், ஆனால் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் கொஞ்சம் மீளும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழ் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட் மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு உதிரி இரண்டு. அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. படம் எடுக்கும் சாதாரணக் கேமராவின் பேட்டரி இந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது. பெரிய வீடியோ விளக்கு பேட்டரிகளைத்தான் பார்க்க வேண்டும். தொடர்பு முனைகளை மூடியால் மூடிவிடுங்கள். சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடக்கும் பேட்டரி ஷார்ட் ஆகிச் சூடேறும்.

பேட்டரி கொஞ்சம் உப்பினாலும், கேமராவில் சிக்கினாலும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. அழுத்தவோ குத்தவோ கூடாது, இன்னொரு தடவை சார்ஜும் போடக் கூடாது. முனைகளில் ஒட்டு நாடா சுற்றி, எரியாத டப்பாவில் போட்டு, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் அதை ஏற்றும் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.